முதல் தாங்கட்டும், பிறகு பாயட்டும்

நான் கலைப்பீடத்து ஆள். எஞ்சினைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி எண்டு கேட்பீர்கள். போன வருசம் ஒரு ராத்திரி, சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் போற றோட்டில, ஒரு பழைய டேர்போ காரின் முன் சீற்றில் இருந்தேன். அந்த எஞ்சின் அன்றைக்கு உடைந்தது. அது உடைந்தபடியால்தான் நான் இருந்து இதை எழுதுகிறேன். என்னிடம் இருக்கிற தகுதி அவ்வளவுதான்.

கார் என் பெரியம்மாவின் மகனுடையது. எனக்கு அண்ணா முறை. கனடாவில் இருக்கிற அக்கா அனுப்பினதும் தான் மிச்சம் பிடிச்சதும் சேர்த்து அவர் வாங்கின 1991 ஆம் ஆண்டு டொயோட்டா ஸ்டார்லெட் ஜீ.ரி. டேர்போ. எங்கட ஒழுங்கைகளில் ஓடுற சாதாரண ஸ்டார்லெட்டின் உடன்பிறப்பு. ஆனால் பொனற்றுக்கு மேலே காத்து இழுக்க ஒரு வாய் இருக்கும். 1331 சிசி எஞ்சின், கொம்பனிக் கணக்கில் 135 குதிரைவலு. காரின் எடை ஒரு தொன்னைக்கூட எட்டாது. 135 எண்டது இன்றைக்குப் பெரிய எண் இல்லை. ஆனால் அவ்வளவு சின்ன உடம்புக்கு அது தாராளம்.

அண்ணாவுக்குக் காணவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் காணவில்லை. "இன்னும் கொஞ்சம் ஏத்தலாமே" எண்டு பக்கத்தில் இருந்து ஏத்திவிட்டவர்களில் நானும் ஒருவன்.

அவர் செய்தது இரண்டு வேலை. இணையத்தில் ஓடர் பண்ணி ஒரு சின்ன வால்வு எடுத்தார். டேர்போ எவ்வளவு அழுத்தத்தில் காத்தைத் தள்ள வேண்டும் எண்டதை அந்த வால்வால் கூட்டலாம். அதைத்தான் பெடியள் 'பூஸ்ட் ஏத்திறது' எண்டு சொல்லுவாங்கள். ஏத்தினவுடனே ஒரு பிரச்சினை வந்தது. ஒரு அளவுக்கு மேலே அழுத்தம் போனால் காரின் கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டும். கார் சட்டென்று முன்னுக்கு இடித்து நிக்கிற மாதிரி இருக்கும். அதற்கும் இணையத்தில் மருந்து இருந்தது, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. ஒரு கடையில் அரை மணித்தியாலத்தில் பூட்டித் தந்தார்கள். அதன் பிறகு பெற்றோல் வெட்டுப்படவில்லை. கார் பறந்தது.

சரியாக மூன்று கிழமை பறந்தது.

அன்று ராத்திரி பத்தரை இருக்கும். வெறும் றோட்டு. எவ்வளவு வேகம் எண்டு எழுத வெட்கமாய் இருக்கு. சட்டம் சொல்ற 70 ஐ நல்லாய்த் தாண்டியிருந்தோம். முன்னுக்கு எங்கேயோ தகரத்தில் சரளைக்கல் கொட்டின மாதிரி ஒரு சத்தம். பிறகு ஒரு பெரிய அடி. பின் கண்ணாடி முழுக்க நீலப் புகை. அண்ணா காலை எடுத்தார். கார் தானாய் ஓடி ஓடிக் குறைஞ்சு ஓரத்தில் நின்றது. இறங்கி, ஆரையாவது கூப்பிடச் சிக்னல் தேடி முன்னுக்கு நடந்தோம். ஒரு முந்நூறு மீற்றர் போயிருப்போம். றோட்டுக்குக் குறுக்கே பத்துப் பன்னிரண்டு மாடு படுத்துக் கிடந்தது. தார் சூட்டுக்கு மாடு ராத்திரியில் றோட்டில் படுக்கும் எண்டது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று மட்டும் ரெண்டு பேரும் மறந்துபோனோம்.

எஞ்சின் இன்னும் பத்துச் செக்கன் தாங்கியிருந்தால் எங்கள் இருவரின் படமும் தூணில் ஒட்டியிருக்கும்.

இப்படி ஒரு கதையைச் சொன்னால் ஊரில் இரண்டு விதமான பதில் வரும். பெரியவர்கள், "பெடியள் கெட்டுப்போச்சினம், உந்த விசர் வேலை ஏன்?" என்பார்கள். நண்பர்கள், "மலிவுச் சாமான் பூட்டினதுதான் பிழை, நல்ல பிறாண்டாய்ப் போட்டிருந்தால் ஒண்டும் நடந்திருக்காது" என்பார்கள். இரண்டும் பிழை எண்டுதான் நான் நினைக்கிறேன். பழைய டேர்போ காருக்கு வலுக் கூட்டலாம், பாதுகாப்பாகவும் கூட்டலாம். ஆனால் அதில் கடைசியாய்ச் செய்ய வேண்டியதை நாங்கள் முதலாய்ச் செய்கிறோம். முதல் செய்ய வேண்டியதைச் செய்கிறதே இல்லை.

இதை எனக்கு விளங்கப்படுத்தினவர் ஒரு கராஜ் ஐயா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. உடைந்த காரை லாண்ட்மாஸ்ரரில் கட்டி இழுத்துக்கொண்டு அவரிடம்தான் போனோம். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார்த்தார். மூன்று ஒத்த அளவு. மற்றது பாதிகூட இல்லை. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் ரிங் இருக்கிற விளிம்பு உடைஞ்சு துண்டாய்க் கிடந்தது. அந்தத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒண்டு கேட்டார்: "தம்பி, காத்தை எவ்வளவும் அடிக்கலாம். அதுக்கேத்த எண்ணெய் போகுதோ எண்டு பாத்தனீங்களோ?"

முழு விசயமும் அந்தக் கேள்விக்குள் இருக்கு. டேர்போ எண்டது சைலன்சருக்குப் போற சூட்டுப் புகையால் சுத்துற ஒரு விசிறி. அது மற்றப் பக்கத்தால் காத்தை நெருக்கி எஞ்சினுக்குள் தள்ளும். கூடக் காத்து போனால் கூடப் பெற்றோலும் போக வேண்டும். எவ்வளவு பெற்றோல் எண்டதை இந்தக் காரின் கொம்பியூட்டர் ஒரு அழுத்தச் சென்சரைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும். நாங்கள் பூட்டின தீப்பெட்டி செய்தது என்னவென்றால், அந்தச் சென்சர் சொல்ற கணக்கை ஒரு அளவோடு பிடிச்சு நிறுத்தினது. உள்ளே அழுத்தம் ஏறுது, ஆனால் கொம்பியூட்டருக்கு அது தெரியாது. வருத்தக்காரன் டொக்டரிட்டப் பொய் சொல்லிப்போட்டு மருந்து வாங்கிக் குடிச்ச மாதிரி. காத்துக் கூடி, பெற்றோல் கூடாமல் எரிஞ்சால் உள்ளே சூடு எகிறும். ஸ்பாக் பிளக் பற்றவைக்கிற நெருப்பு ஒழுங்காய்ப் பரவ முதலே, மிச்சக் கலவை தன்பாட்டில் வெடிக்கும். அதுதான் 'நொக்'. நாங்கள் கேட்ட சரளைக்கல் சத்தம் அதுதான். பிஸ்டன் விளிம்பை உடைச்சதும் அதுதான்.

ஐயா அந்தச் சத்தத்தை எங்களுக்கு வாயால் செய்து காட்டினார். "உது எங்களுக்குப் பழைய ஆள்" எண்டு சிரிச்சார்.

1990 இல் சண்டை திரும்பத் தொடங்கி, வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை. அந்தக் காலத்தில் குடாநாட்டு வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின கதையை எல்லா வீட்டிலும் சொல்லுவார்கள். ஒரு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாத்துவது. நாங்கள் அதை வீரக்கதையாய்க் கேட்டு வளர்ந்தோம். ஐயா சொன்னபோதுதான் அதற்குள் எவ்வளவு கணக்கு இருந்தது எண்டு விளங்கியது. மண்ணெண்ணெய் லேசில் நொக் பண்ணும். அதால் ரைமிங்கைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கும், அதால் ஒயிலை அடிக்கடி மாத்த வேண்டும். ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற கிழட்டுக் கார்கள் ஏன் தாங்கின? அவை கலவையைக் குறைவாக நெருக்குகிற எஞ்சின்கள். நெருக்கும் விகிதம் 7 க்கு 1 எண்ட அளவில்தான் இருக்கும்.

அண்ணாவின் ஸ்டார்லெட்டில் அந்த விகிதம் 8.2. அதே காலத்து டேர்போ இல்லாத எஞ்சின்களோடு பார்த்தால் குறைவு. ஏன் குறைச்சு வைத்தார்கள்? டேர்போ தன் பங்குக்கு நெருக்கப் போகுது எண்டதால், அதற்கு இடம் விட்டிருக்கிறார்கள். அந்த இடத்தைத்தான் நாங்கள் மூன்று கிழமையில் தின்று முடித்தோம். தடைக்காலத்து மனிதர் நொக்குக்குப் பயந்து பயந்து ஓட்டினார். எல்லாம் கடையில் கிடைக்கிற காலத்தில் நாங்கள் அதை ஒரு சத்தம் எண்டுகூட மதிக்கவில்லை.

உலகமும் இதே பாடத்தைப் படித்துத்தான் வந்திருக்கிறது. டேர்போவைக் குடும்பக் காருக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமான சுவீடன் கொம்பனி சாப், 1980 களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கொண்டுவந்தது. எஞ்சின் நொக் பண்ணுகிறதா எண்டு ஒரு சென்சர் காது கொடுத்துக் கேட்கும். சத்தம் கேட்டால் பூஸ்ட் தானாய்க் குறையும். கராஜ் ஐயாவின் காதை ஒரு பெட்டிக்குள் வைத்ததுதான் அது. நாங்கள் வாங்கினதும் ஒரு பெட்டிதான், ஆனால் அது காதைப் பொத்துகிற பெட்டி.

யாழ்ப்பாணத்துக்கு எண்டு சில விசேசக் கணக்குகளும் இருக்கு. யப்பானுக்குள் விற்க எண்டு செய்த இந்த டேர்போ கார்கள் அங்கத்தைய உயர்தரப் பெற்றோலை நம்பிச் செய்தவை. அதன் ஒக்ரேன் 98, 100 எண்ட அளவில் இருக்கும். இங்கே செட்டில் கிடைக்கிறது 92, அல்லது 95. அதாவது ஒண்டுமே மாத்தாமல் ஓட்டினாலே இந்தக் கார் எங்கட ஊரில் நொக்குக்குக் கிட்டத்தான் நிக்குது. 92 அடிச்சுக்கொண்டு பூஸ்ட் ஏத்துறது தற்கொலை. அதோடை எங்கட வெயில். நெருக்கின காத்தைக் குளிராக்கிற இன்ரர்கூலர் இந்தக் காரில் எஞ்சினுக்கு மேலேயே இருக்கு. ரயில் கடவையில் பத்து நிமிசம் நிண்டால் அது குளிராக்காது, சூடாக்கும். மூன்றாவது, எங்கட தண்ணி. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வாற கிணத்துத் தண்ணி கேத்திலுக்குள் வெள்ளையாய்ப் படியிறதைத் தினமும் பார்க்கிறோம். அதையே ரேடியேற்றருக்குள்ளும் ஊத்துகிறோம். ஐயா அண்ணாவின் ரேடியேற்றரைக் கழற்றினபோது அதில் பாதிக் குழாய் அடைபட்டுக் கிடந்தது. வலுக் கூட்ட முதல் நாங்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அப்ப சரியான ஒழுங்கு என்ன? ஐயாவிடம் ஏழு மாசம் போய்வந்து நான் கொப்பியில் எழுதி வைத்ததைச் சொல்கிறேன்.

முதலில், கார் பிறந்தபோது இருந்த வலு இப்ப இருக்கிறதா எண்டு பார்க்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டின காரில் 135 குதிரையில் எத்தினை மிச்சம்? எல்லாச் சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்க வேண்டும். வெடிச்ச ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்த வேண்டும். பெற்றோல் பில்ரர், பம், இன்ஜெக்ரர் சுத்தமாய் வேலை செய்யுதா, ரேடியேற்றர் திறந்திருக்கா, அதற்குள் கிணத்துத் தண்ணி இல்லாமல் கூலன்ற் இருக்கா எண்டு பார்க்க வேண்டும். நல்ல ஒயில் போட்டு நேரத்துக்கு மாத்த வேண்டும். ஓடி வந்து உடனே எஞ்சினை நிப்பாட்டக் கூடாது. சூட்டில் நிக்கிற டேர்போவுக்குள் ஒயில் கரியாய்ப் போகும். இதெல்லாம் செய்து முடிய அண்ணாவின் கார், ஒரு வால்வும் பூட்டாமலே, வாங்கின நாளைவிடக் கெட்டியாய் இழுத்தது. கூட்ட வேணும் எண்டு நாங்கள் ஆசைப்பட்ட வலுவில் ஒரு பங்கு, ஏற்கெனவே காருக்குள் கிடந்து தொலைஞ்ச வலு.

இரண்டாவது, நிப்பாட்டுகிற வலு. வேகம் இரட்டித்தால் மோதுகிற சக்தி நான்கு மடங்கு. 70 இல் போகிற காரை நிறுத்த எடுக்கிற பிறேக் தூரத்தோடு பார்த்தால் 100 இல் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறேக் ஒயில் காத்தில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். பழசானால், பிறேக் சூடேறுகிற நேரத்தில் பெடல் பஞ்சு மாதிரிப் போகும். ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருசம். அன்று ராத்திரி எங்கட காரில் பின் ரயர் ரெண்டிலும் இருந்த இலக்கம் 3809. அதாவது 2009 ஆம் ஆண்டின் 38 ஆவது கிழமை. பூ நல்லாய் இருந்தபடியால் ஒருவரும் அந்த எண்ணைப் பார்க்கவில்லை. வால்வுக்கும் பெட்டிக்கும் போன காசு இரண்டு ரயரின் விலைகூட இல்லை. அதுதான் மலிவு எண்டு நாங்கள் அதை முதலில் வாங்கினோம்.

மூன்றாவது, கண். பூஸ்ட் எவ்வளவு, காத்துக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம் என்ன எண்டு காட்டுகிற மீற்றர்கள் பூட்ட வேண்டும். சாதாரணமாய் 14.7 பங்கு காத்துக்கு ஒரு பங்கு பெற்றோல். டேர்போ முழுசாய்த் தள்ளுகிற நேரத்தில் 11, 12 எண்ட அளவுக்குப் பெற்றோல் கூடி இருக்க வேண்டும். கூடுகிற பெற்றோல் உள்ளே குளிர்ச்சியும் தரும். இதைப் பார்க்காமல் பூஸ்ட் ஏத்துறவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுறவன்.

நான்காவதாகத்தான் பூஸ்ட். அதுவும் சென்சருக்குப் பொய் சொல்லி இல்லை. கொம்பியூட்டருக்குப் புதுக் கணக்குப் படிப்பித்து, அதற்கேற்ற இன்ஜெக்ரர் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாய். இந்த இடத்தில்தான் பெரிய சிக்கல் வருது. முழு வலுவில் எஞ்சின் என்ன செய்யுது எண்டு பார்க்க வேண்டும் என்றால், காரை நிறுத்தி வைத்தபடியே சில்லை உருளையில் சுத்தவிட்டு அளக்கிற டைனோ மெசின் வேண்டும். எனக்குத் தெரிந்த பெடியள் அதற்குக் காரைக் கொழும்புப் பக்கம்தான் கொண்டு போகிறார்கள். அந்தச் செலவு இல்லாதவனுக்கு டைனோ எது? ஏ32 றோட்டு. ஏ9 றோட்டு. ராத்திரி பத்தரை மணி.

அதனால்தான் "உந்த விசர் வேலை ஏன்?" எண்ட கேள்வியோடு இதை முடிக்க எனக்கு மனமில்லை. சரி, தேவை இல்லைத்தான். 70 க்கு மேலே போக ஏலாத றோட்டில் 135 குதிரையே மிச்சம். ஆனால் எங்கட அப்பப்பாக்களுக்கும் மாட்டுவண்டிச் சவாரி தேவை இல்லைத்தானே? அவர்கள் காளைக்குத் தீன் போட்டார்கள், நடை பழக்கினார்கள், தரம் பார்த்துப் பிரித்தார்கள். பிறகு சவாரித் திடலில் ஓடவிட்டார்கள். ஆசையை ஊர் அடக்கவில்லை. ஆசைக்கு ஒரு திடல் ஒதுக்கிக் கொடுத்தது. எங்களுக்கு எங்கே திடல்?

திடல் எண்டால் மட்டும் காணும் எண்டும் நான் சொல்லவில்லை. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934 இலிருந்து நடக்கிற நாடு இது. அதே நாட்டில் 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் போட்டியில் ஒரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. 7 பேர் செத்தார்கள். திடலுக்கும் வேலி வேண்டும், தூரம் வேண்டும், வேண்டாம் எண்டு சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் டைனோ ஒன்றுக்குச் சனமும் வேண்டாம், வேகமும் வேண்டாம். ஒரு கட்டிடம் காணும். கிளிநொச்சி அறிவியல் நகரில் எங்கட பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கு. அதற்குப் பக்கத்தில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வாகனத் தொழில்நுட்பம் படிப்பிக்குது. அங்கே ஒரு டைனோ வைத்து, மாசத்தில் ஒரு சனிக்கிழமை வெளியாருக்கும் திறந்துவிட்டால் என்ன? உள்ளே வர நிபந்தனை ஒன்றே ஒன்று: பிறேக்கும் ரயரும் பாஸ் பண்ணினால்தான் உருளையில் ஏத்தலாம். அந்த வரிசையில் நிக்கிற பெடியனுக்கு, பூஸ்ட் பற்றிப் பேச முதல் தன் ரயரின் வயது தெரிந்திருக்கும். பொலிஸ் தண்டம் எழுதித் திருத்துகிறதைவிட அது கூடத் திருத்தும் எண்டு நம்புகிறேன்.

இன்னொரு அவசரமும் இருக்கு. மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டின தலைமுறைக்கு இப்ப அறுபது, எழுபது வயது. அவர்களின் அறிவு எங்கேயும் எழுதப்படவில்லை. கலைப்பீடத்தில் நாங்கள் வாய்மொழி வரலாறு எண்டு ஒரு பாடம் பற்றிக் கதைப்போம். கூத்துக்காரரிடமும் பூசாரிகளிடமும் றெக்கோடரோடு போவோம். கராஜுக்கு ஒருவரும் போறதில்லை. சத்தத்தை வைத்தே எந்தச் சிலிண்டர் எண்டு சொல்ற மனிதரின் காதும் ஒரு ஆவணம்தான். அவர் போனால் அதுவும் போகும்.

உடைஞ்ச ஸ்டார்லெட் இப்ப ஓடுது. 2020 இல் நிப்பாட்டின வாகன இறக்குமதியை 2025 இல் திறந்துவிட்டாலும், முப்பது வருசத்துக் கார் இனி இந்த நாட்டுக்குள் வராது. இருக்கிறது இருக்கிறதுதான். அதால் பிஸ்டனுக்கு அலைஞ்ச அலைச்சல் தனிக் கதை. புது ரிங், புது ரேடியேற்றர், புது ரயர், 95 பெற்றோல். பூஸ்ட் மட்டும் கொம்பனி வைத்த அளவில். தீப்பெட்டி ஐயாவின் மேசை லாச்சிக்குள் கிடக்கு. திருப்பித் தரமாட்டாராம்.

போன மாசம் அண்ணா மெல்லக் கேட்டார், "ஐயா, இப்ப கொஞ்சம் ஏத்தலாமோ?"

ஐயா பொனற்றைத் திறக்கவே இல்லை. குனிஞ்சு முன் பிறேக்கைப் பார்த்தார். "மாரி முடியட்டும். இந்தப் பாட்டையும் மாத்திப்போட்டு வாரும். பாப்பம்."

அண்ணா பாட் வாங்கக் காசு சேர்க்கிறார். நானும் கொஞ்சம் போடுகிறேன். ஏத்திவிட்டவன் நான்தானே.